அறுபது கண்கள், ஒரு கசிவு

ஜனவரி 9

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

இன்று முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, இரண்டு வாரப் பரிசீலனைக்குப் பிறகு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து உன் படத்தை அகற்றுவது என்று முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. இரு தரப்பையும் விசாரித்தேன். அகற்ற வேண்டும் என்ற தரப்பில் நான் இருந்தேன். கூடாது என்ற தரப்பில் அம்மா. அவள் அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்ததால் அவள் வாதம் பதிவாகவில்லை.

தீர்ப்பை நிறைவேற்றுவதில்தான் சிக்கல். செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தை அம்மா எதைப் போட்டு ஒட்டினாளோ, வர மறுத்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். உன் முகத்தின் இடது பாதி என் கையோடு வந்துவிட்டது. வலது பாதி, ஒரு கண்ணும் அரைச் சிரிப்புமாக, கதவிலேயே இருக்கிறது. "ஈரத்திலும் விடாத கண் பசை: இளம் விஞ்ஞானியின் சாதனை" என்று இருந்த தலைப்பில் "ஈரத்திலும் விடாத" மட்டும் மிச்சம்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"ஐயையோ, சின்னவ மூஞ்சிய யாருடி கிழிச்சது?"

"கரப்பான் பூச்சியா இருக்கும்மா."

"கரப்பான் இவ்ளோ நேராவா கிழிக்கும்?"

அவளிடம் அந்தத் தாளின் பிரதிகள் இன்னும் பத்து இருக்கின்றன. பழைய பேப்பர் கடைக்காரர் கேட்டும் கொடுக்கவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் 'இளம் விஞ்ஞானி' என்று எழுதவைத்தாயே, அதற்கே ஒரு பரிசு தரலாம். உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள் என்ற முறையில் எனக்கும் அதில் கொஞ்சம் இளமை வந்து சேரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

வாழ்த்தை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் எண் திரையில் வந்தால் ஃபோன் என் கையில் பதினைந்து நொடிகூட இருப்பதில்லை, அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். தவிர, நான் மருத்துவம் படிக்க விடுதிக்குப் போன நாளிலிருந்து நாம் கடிதத்தில்தான் ஒழுங்காகப் பேசியிருக்கிறோம். அப்போது உனக்கு ஒன்பது வயது. என் பாவாடையை விடாமல் ரயில்வே ஸ்டேஷன் வரை ஒட்டிக்கொண்டு வந்தாய். பேர் வைத்தது அன்றைக்குத்தான். இப்படி அதையே தொழிலாக்கிக்கொள்வாய் என்று யார் கண்டது.

அம்மா உன் புகழைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். "சின்னவ கண்ணுக்குப் பசை கண்டுபிடிச்சிருக்கா." அப்படியானால் பெரியவள்? "பெரியவ தைப்பா." இருபத்தாறு வருடமாகக் கிழிந்த கருவிழிகளை, முடியைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கி வழியாகப் பார்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அதை அவள் இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பேண்ட்டைக் கொண்டுவந்து நின்றார். ஜிப் போயிருந்ததாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மருத்துவமனையில் உன் பசையை மனிதக் கண்ணில் சோதிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். பெரிய டாக்டரிடம் பேசுகிறேன். அவருக்கும் உன் படம் வந்த தாள் கிடைத்திருக்கிறது. யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 20

என் அருமை அக்கா,

கரப்பான் பூச்சிக்கு என் வணக்கத்தைச் சொல். சின்ன வயதில் என் ஓவிய நோட்டைக் கிழித்ததும் இதே கரப்பான்தான் என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பில் முதல் பரிசு வாங்கின மயில்.

அது பசை இல்லை, அக்கா. ஜெல். நூறு தடவை சொல்லிவிட்டேன். சந்தையில் இருக்கிற உடனடிப் பசையை நீங்கள் எல்லாரும் அவசரத்துக்குக் கண்ணில் வைக்கிறீர்கள். அது காய்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி உறுத்தும், மேலே லென்ஸ் போட்டு மூட வேண்டும் என்று நீயேதான் திட்டியிருக்கிறாய். இது அப்படி இல்லை. கிழிசலில் ஒரு சொட்டு வைத்து நீல வெளிச்சம் காட்டினால் இறுகும். கருவிழி மாதிரியே வளையும், கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அடியில் காயம் ஆற ஆறத் தானே கரைந்து போகும். அடிப்படைச் சரக்கு ஜெலட்டின்தான். எலும்பைக் கொதிக்கவைத்த கஞ்சி என்று நீ சொல்வாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

இதை யாருக்காகச் செய்தேன் என்று உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வேலையாகப் போனபோது, தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு சுகாதார நிலையம் பார்த்தேன். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் ஒரு நர்ஸம்மாதான். அவர் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தார். கண்ணில் கம்பி பட்டது, கல் தெறித்தது, கண்ணாடி குத்தியது என்று அந்த வருடம் பதினோரு பேர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு பேருக்குக் கண் போய்விட்டது. கிழிசல் வழியாக உள்ளே இருக்கும் நீர் கசிந்து, கிருமி புகுந்து. அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "தைக்கத் தெரிஞ்ச டாக்டர் எங்க ஊருக்கு வர மாட்டாங்க. வர்ற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு குடுங்க."

ஒரு சின்ன ட்யூப், ஒரு டார்ச். அவ்வளவுதான், அக்கா. அந்த அம்மா கையாலேயே வைக்கலாம்.

ஆனால் பணம் தரும் அறக்கட்டளைக்கு நர்ஸம்மாவைத் தெரியாது. முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தையலைவிட இது மேல் என்று காட்ட வேண்டுமாம். சமம் என்று காட்டினால் போதாதாம். மேல். காட்டினால் சிறிய ஊர்களுக்குக் கொண்டுபோக அடுத்த ஐந்து வருடம் உதவுவார்கள். காட்டாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் மருத்துவமனையில் நூறு கருவிழி தைத்தால் எத்தனை கசிந்து மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு வருகிறது? அந்தக் கணக்கு எனக்கு வேண்டும். அதை வைத்துத்தான் சோதனையைத் திட்டமிட வேண்டும்.

அம்மாவுக்கு முத்தம். கரப்பானுக்கும்.

உன் ஒட்டுப்புல்

பிப்ரவரி 3

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

நூற்றுக்குப் பதினெட்டு. கடந்த மூன்று வருடப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. இது நானும், மற்ற மூன்று டாக்டர்களும், பயிற்சிக்கு வந்து கை நடுங்குபவர்களும் சேர்ந்து சம்பாதித்தது. இதில் என் பங்கு என்ன என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நிர்வாகக் குழு கூடியது. பெரிய டாக்டர் உன் திட்டத்தை உரக்கப் படித்தார். நூற்றிருபது நோயாளிகள். வருகிற ஒவ்வொருவருக்கும் மூடிய உறை ஒன்றைப் பிரிப்பது. உள்ளே 'ஜெல்' என்றிருந்தால் ஜெல், 'தையல்' என்றிருந்தால் தையல். ஜெல் வைக்கும் வேலைக்கு எங்கள் துணை மருத்துவரைப் போட்டிருக்கிறார்கள். நீல விளக்கைப் பிடிக்கப் போவதால் அவருக்கு அதற்குள் 'டார்ச்' என்று பேர் வந்துவிட்டது. எப்போதும் சிரித்த முகம். எதற்குச் சிரிக்கிறார் என்று நான் விசாரித்ததில்லை.

பிறகு தையல் பெறும் அறுபது பேருக்கும் சேர்த்து வைத்த பெயரை வாசித்தார்: 'ஒப்பீட்டுக் குழு.'

நான் அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு வருட உழைப்புக்குப் பிறகு, என் தங்கையின் கட்டுரையில் எனக்குக் கிடைத்த இடம் அது. கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் நிற்கவைத்த ஆள்.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனை. அந்த அறுபது கண்ணையும் நானே தைப்பேன். பயிற்சி டாக்டர்கள் கிடையாது, மற்ற மூவரும் கிடையாது. எந்த நேரம் வந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டும். குழு ஒப்புக்கொண்டது. என் அர்ப்பணிப்பைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

அம்மா கேட்டாள்: "தங்கச்சிக்காக ராப்பகலா உழைக்கப் போறியாமே?" ஆமாம் என்றேன். கண் கலங்கிவிட்டாள். எனக்குக் காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் விருது.

அக்கா

பிப்ரவரி 15

என் அருமை அக்கா,

உன் கடிதத்தை லேபில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன் (காபி வரை). என் அக்கா எனக்காக ஒவ்வொரு கண்ணையும் தானே தைக்கப் போகிறாள்! கையைத் தட்டினார்கள்.

தட்டாத ஒரே ஆள் எங்கள் புள்ளிவிவர நிபுணர். அவரை நாங்கள் 'சராசரி' என்று கூப்பிடுவோம். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், பதினெட்டுங்கிறது ஆஸ்பத்திரியோட கணக்கு. உங்க அக்கா ஒருத்தர் மட்டும் தச்சா, நீங்க ஜெல்லைத் தையலோட ஒப்பிடல. உங்க அக்காவோட ஒப்பிடுறீங்க."

"அதனால என்ன சார்? அக்காவோட ஒப்பிட்டா யாரும் குறை சொல்ல முடியாதுல்ல?"

"குறை சொல்ல முடியாது. அதான் பயமா இருக்கு."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, பாவம்.

நீ எனக்காக இவ்வளவு செய்கிறாய். நான் உனக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்டேஷன் வரை ஒட்டிக்கொண்டு வந்தது தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

உன் ஒட்டுப்புல்

ஜூலை 2

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

நேற்றோடு இருபத்தோராவது கண் முடிந்தது. ஒரு தச்சர். ஆணி அடிக்கும்போது தெறித்த சில்லு கருவிழியை ஆங்கில 'எல்' எழுத்துப் போலக் கிழித்திருந்தது. பன்னிரண்டு தையல். ஒவ்வொரு முடிச்சையும் கருவிழித் திசுவுக்குள் புதைத்து, உறுத்தாமல், சமமான இழுவிசையில். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கசிவு இருந்தால் பச்சையாக ஓடும். ஓடவில்லை. ஆனாலும் இரண்டை அவிழ்த்து மறுபடி போட்டேன். தியேட்டர் சிஸ்டர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டாக்டரம்மா, இது கண்ணா, எம்பிராய்டரியா?"

பின்பு வார்டுக்கும் நானே போகிறேன். காலையும் மாலையும். இருமல் உள்ளவர்களுக்கு இருமல் மருந்து, மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதற்கு. முக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறித் தையல் விடும் அல்லவா. கையால் கண்ணைத் தேய்க்கும் பழக்கம் உள்ள ஒருவருக்கு இரவில் கையுறை மாட்டிவிட ஏற்பாடு செய்தேன். அவர் மனைவி என்னைத் தெய்வம் என்றார். தெய்வங்கள் இவ்வளவு மெனக்கெடுவதாக நான் படித்ததில்லை.

அந்த வார்டின் மறுபக்கத்தில் உன் ஆட்கள். டார்ச்சுக்கு நாலு நிமிடம். கழுவுகிறார், ஓரத்தை ஒற்றுகிறார், சொட்டு வைக்கிறார், விளக்கைப் பிடிக்கிறார், மெல்லிய குரலில் பாட்டுக்கூடப் பாடுகிறார். முடிந்தது. நேற்று ஒருவர் என்னிடமே புகார் செய்தார்: "அவருக்கு ஒன்றரை மணி நேரம் பாத்தீங்க. எனக்கு ஒட்டி அனுப்பிட்டாங்க. என்கிட்ட என்னம்மா குறை?" பெரியவரே, உறை அப்படி வந்தது என்றேன். சமாதானம் ஆகவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் டார்ச் விடுப்பு. ஜெல் வைத்த ஒரு கண்ணை நான் பரிசோதிக்க வேண்டியிருந்தது. எட்டாம் நாள். விளக்கின் முன் அந்தப் பெண்ணின் முகத்தை நிறுத்திப் பார்த்தேன். கிழிசல் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. சுருக்கம் இல்லை. என் தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கருவிழியைக் கொஞ்சம் இழுக்கும், பவர் மாறும். இங்கே எதுவும் இழுபடவில்லை. தண்ணீர் தானாகவே மூடிக்கொண்டது போல் இருந்தது.

சாயம் விட்டேன். கசியவில்லை. இரண்டாம் முறை விட்டேன். மூன்றாம் முறையும் விட்டேன்.

அம்மா நலம். உன் படத்தின் மிச்சப் பாதியை அவள் அகற்றவும் இல்லை, புதியது ஒட்டவும் இல்லை. தினமும் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் உன் ஒரு கண் என்னைப் பார்க்கிறது.

அக்கா

நவம்பர் 11

என் அருமை அக்கா,

"தண்ணீர் தானாகவே மூடிக்கொண்டது போல்." அந்த வரியை வெட்டி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எனக்கு இதுவரை வந்த பாராட்டிலேயே பெரியது இதுதான். நீ அதைப் பாராட்டாக எழுதியிருக்க மாட்டாய் என்று தெரியும். பரவாயில்லை, வந்த வரைக்கும் லாபம்.

நர்ஸம்மா மாதா மாதம் கார்டு போடுகிறார். ஒரே வரிதான்: "ஜெல் எப்போது வரும்?" போன மாதம் கூடவே எழுதியிருந்தார்: "ட்யூபின் மூடி திருகுவதாக வேண்டாம், அழுத்தித் திறப்பதாக இருக்கட்டும். ஒரு கையால் நோயாளியைப் பிடிக்க வேண்டும்." ஆறு இன்ஜினியர்களுக்குத் தோன்றாதது. அச்சை மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜெல்லுக்குப் பேர் வைக்க வேண்டுமாம். எல்லாரும் வாயில் நுழையாத பேராகச் சொல்கிறார்கள். நான் 'அக்கா' என்று வைக்கலாமா என்றேன். சராசரி மட்டும் "இப்ப வேண்டாம் மேடம், முடிவு வரட்டும்" என்றார். மனிதருக்கு எதிலும் அவசரமே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தோள் வலிக்கிறது என்று அம்மா சொன்னாள்.

உன் ஒட்டுப்புல்

மே 19

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

முடிவுகள் உனக்கும் வந்திருக்கும். என்ன சொல்வது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

தையல் அறுபது. கசிந்தது ஒன்று. அந்த ஒன்றும், ஆளை அவருடைய மாடு முட்டியதால். ஜெல் அறுபது. கசிந்தது நாலு.

நாலு என்பது மிக நல்ல எண். இதை நான் கூட்டத்திலேயே சொன்னேன். வேறு எந்த மருத்துவமனையாக இருந்தாலும் நாலுக்கு விழா எடுத்திருப்பார்கள். பழைய கணக்குப்படி தையலில் பத்து, பதினொன்று கசிந்திருக்க வேண்டும். ஏன் கசியவில்லை என்று பெரிய டாக்டர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாக மேசையைப் பார்த்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். டார்ச்சும்தான். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார், நல்ல பிள்ளை.

மருத்துவமனைச் செய்தி மடலில் ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள். "அறுபது கண்கள், ஒரு கசிவு." படம் சுமார்தான், தாடை கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறது. அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவளாகவேதான். ஃபிரிட்ஜ் கதவில் இடம் தேடி, உன் மிச்சப் பாதிக்கு மேலேயே ஒட்டிவிட்டாள். "ஒரே எடத்துல ரெண்டு பொண்ணுங்க" என்றாள்.

மனம் தளராதே. இது தோல்வி அல்ல. 'மேல்' என்று நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். அறக்கட்டளைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அறக்கட்டளை உதவியை நிறுத்திவிட்டது. லேபை இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்கிறோம். சராசரி வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகும்போது "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

எனக்கு ஒரு ஸ்டிக்கர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பாட்டிலிலும் ஃபிரிட்ஜிலும் ஒட்டுகிற ஸ்டிக்கர், தடம் இல்லாமல் சுத்தமாக உரிந்து வர வேண்டும். ஒட்டாத பசை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் நன்றாகவே இருக்கிறது.

கட்டுரை எழுதுவதற்காக உங்கள் தியேட்டர் பதிவேட்டை டாக்டர் டார்ச் அனுப்பிவைத்தார். சோதனைக்கு முந்தைய வருடம் நீங்கள் ஒரு கருவிழியைத் தைக்க எடுத்துக்கொண்ட நேரம், சராசரியாக முப்பத்தெட்டு நிமிடம். நூற்றுக்கு ஒன்பது கசிந்திருக்கிறது. சோதனையில் தொண்ணூற்று நாலு நிமிடம். சோதனை முடிந்த பிறகு வந்த இந்த ஒரு மாதத்தில் முப்பத்தாறு நிமிடம்.

நான் குறை சொல்லவில்லை. அறுபது பேர் நல்ல பார்வையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் யாரிடமும் போய், 'உன் கண்ணை அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கக் கூடாது' என்று என்னால் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்கள், யாரிடம் சொல்ல முடியும்?

நர்ஸம்மாவுக்கு எழுதிவிட்டேன். உங்கள் மருத்துவமனை முகவரியைக் கொடுத்திருக்கிறேன். யாருக்காவது அடிபட்டால் நேரே உங்களிடம் அனுப்பச் சொல்லி. உங்களைவிட நன்றாகத் தைப்பவர் யாரும் இல்லை என்று எழுதினேன். அது உண்மை.

தங்கை

ஜூலை 1

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

உன் கடிதத்தில் ஒன்பது இடங்களில் என்னை மரியாதையாக அழைத்திருக்கிறாய். 'நீங்கள்', 'உங்கள்', 'உங்களை', 'சொல்லுங்கள்' எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினேன். அதற்கு மேலும் இருக்கலாம், ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயது வரை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டு இப்போது மரியாதை கொடுத்தால், வாங்கி எங்கே வைப்பது?

நான் செய்தது என்ன? நன்றாகத் தைத்தேன். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் போய்ச் சொல், இவள் நன்றாகத் தைத்தாள் என்று. நீதிபதி உன்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். மூன்று நாளாக இந்த வாதத்தைத் தயாரித்தேன். ஓட்டையே இல்லை. சாயம் விட்டுப் பார்த்தாலும் கசியாது.

ஆனால் நீ கேட்காத ஒன்று இருக்கிறது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒவ்வொரு கண்ணும் முடிந்துவிடும். அதற்கு மேல் போட்டதெல்லாம் நோயாளிக்காகப் போட்டது அல்ல. அப்போது என் கண் முன்னால் ஃபிரிட்ஜ் கதவுதான் இருக்கும்.

அறக்கட்டளைக்கு நேற்று எழுதிவிட்டேன். பழைய பதிவேட்டை இணைத்து, நிமிடக் கணக்கைக் காட்டி, இந்த ஒப்பீடு ஒரு மருத்துவமனையோடு செய்யப்பட்டதல்ல, ஒரு அக்காவோடு செய்யப்பட்டது என்று விளக்கியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தேன். பெரிய டாக்டர் படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மயில் படத்தைக் கிழித்தது நான்தான்.

ஒரு வரி எழுது. திட்டித்தான் எழுதேன். 'நீ' போட்டு எழுது.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

பதில் இல்லை. புது வேலை, நேரம் இருக்காது. அம்மாவிடம் ஃபோனில் பேசுவதாகத் தெரிகிறது. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுகிறாய் என்பதும் தெரிகிறது. "சின்னவ ஒன்ன ரொம்பக் கேட்டா" என்கிறாள் அம்மா. அவளுக்குப் பொய் சொல்ல வராது, குரல் ஒரு சுருதி ஏறிவிடும்.

அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த வகைக்கான நிதி இவ்வருடம் வேறொரு திட்டத்துக்குப் போய்விட்டதாம். மறுபடி விண்ணப்பம் கோரும்போது தெரிவிப்பார்களாம். எப்போது என்று எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் படத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க முயன்றேன். வெந்நீர் வைத்துப் பார்த்தேன், எண்ணெய் தடவிப் பார்த்தேன். அம்மா வந்து, "எதுக்குடி சுரண்டுற? அப்பறம் அடியில இருக்கிற சின்னவளும் வந்துருவா" என்றாள். விட்டுவிட்டேன். உங்கள் கம்பெனி ஸ்டிக்கர் சந்தைக்கு வந்ததும் அம்மாவுக்கு ஒரு கட்டு அனுப்பு.

உன் நர்ஸம்மா இந்த வியாழக்கிழமை வந்திருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். கையில் அந்த நோட்டு. கூடவே ஒரு பெண், துணிக் கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை காலை தையல் மெஷின் ஊசி முறிந்து இடது கண்ணில் பட்டிருக்கிறது. சிறிய காயம்தான், மூன்று மில்லிமீட்டர். அன்றே பஸ் பிடித்துப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே கண் டாக்டர் இல்லை. அடுத்த ஊரில் இருந்தவர் விடுப்பு. அதற்குள் புதன் ஆகிவிட்டது.

நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்ன டாக்டரோட அக்கா நீங்கதானம்மா? ஒங்களவிட நல்லா தைக்கிறவங்க கெடையாதுன்னு எழுதியிருந்தாங்க. அதான் நேரா கூட்டிட்டு வந்தேன்." பிறகு கேட்டார்: "அந்த ஜெல் எப்பம்மா வரும்?"

விளக்கின் முன் வைத்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சீழ். தைக்கிற கட்டம் திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டிருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கண்ணுக்குள் மருந்து செலுத்தினோம்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு இடது கண்ணை எடுத்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவளுக்கு வயது இருபத்து நாலு.

அக்கா